நோயோடு வாழ்ந்துகொண்டே பறவைகளைப் படமெடுத்தல்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு முடக்குவாதம் (மூட்டுகள் அழற்சியால் வீங்கி இறுகும் நோய்) என்று உறுதியாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கி 8 ஆண்டுகள். கிளினிக் நாட்களில் என் இலக்கம் வரும்வரை வாங்கில் இருந்து கைத்தொலைபேசியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார், பிறகு கேட்கத் தொடங்குவார். முடக்குவாதக்காரர் மட்டுமல்ல, சலரோகம், இதய நோய், நடுக்கம் உள்ளவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே கேட்டதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது பற்றிய முடிவு உங்களைப் பார்க்கும் வைத்தியருடையது.

இந்த வருத்தத்தோட பறவை படம் எடுக்கப் போகலாமா ரீச்சர்? டொக்டர் பேசமாட்டாரா?

பெரும்பாலானோர் போகலாம். ஆனால் வைத்தியரிடம் "போகலாமா" என்று பொதுவாகக் கேட்டால், "கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்ற பொதுவான பதிலே கிடைக்கும். எவ்வளவு எடையைத் தூக்குவீர்கள், எத்தனை நிமிடம் நிற்பீர்கள், வெயிலில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள், சேற்றில் கால் வைப்பீர்களா என்று அளவோடு சொல்லிக் கேளுங்கள். நான், "ஒரு கிலோ எடையை இரண்டு கையாலும் முகம் வரை உயர்த்திப் பத்து விநாடி வைத்திருப்பேன், ஒரு மணித்தியாலத்தில் நாற்பது தடவையாவது அப்படிச் செய்வேன்" என்று சொன்னேன். வைத்தியர் மறுக்கவில்லை. இயன்மருத்துவரிடம் அனுப்பினார், அவர் மணிக்கட்டுக்கு ஒரு தாங்குபட்டி தந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்துக் கமராவைப் பிடிக்கப் பழக்கினார். அந்த ஒரு சந்திப்பு எனக்கு எந்த லென்ஸையும் விடப் பயன்பட்டது.

என்ன கமரா வாங்கலாம்?

நலமுள்ளவர்கள் முதலில் படத்தின் தரத்தைப் பார்ப்பார்கள், நாம் முதலில் எடையைப் பார்க்க வேண்டும். தொழில்முறைக் கலைஞர்கள் வைத்திருக்கும் 600 மில்லிமீற்றர் (இந்த எண் கூடக்கூடத் தூரத்துப் பறவை நெருங்கித் தெரியும்) எஃப் 4 லென்ஸ் மட்டுமே 3 கிலோவுக்கு மேல். பலர் விரும்பி வாங்கும் 150–600 மில்லிமீற்றர் லென்ஸ்கள் ஏறத்தாழ 2 கிலோ, கமராவின் எடை அதற்கு மேல். இவற்றுக்கு மாறாக, கெனன் நிறுவனத்தின் ஆர்எஃப் 100–400 மில்லிமீற்றர் லென்ஸ் 635 கிராம். அதை ஆர்10 கமராவில் பொருத்தினால் மொத்தம் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். அந்தக் கமராவில் ஒளியைப் படமாக்கும் உணரி சிறியது என்பதால் 640 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் அளவுக்குப் பறவை நெருங்கித் தெரியும். லென்ஸ் மாற்றவே விரும்பாதவர்களுக்கு நிக்கொன் பி950 போன்ற ஒற்றைக் கமராக்கள் உண்டு. அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ, எட்டும் தூரம் 2000 மில்லிமீற்றருக்குச் சமம். வெளிச்சம் குறைந்த நேரத்தில் மட்டும் படம் சொரசொரப்பாகும்.

கடையில் விலை கேட்பதற்கு முன் கமராவைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முகம் வரை உயர்த்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள், இறக்குங்கள், மீண்டும் உயர்த்துங்கள். இப்படிப் பத்து முறை. லென்ஸின் சூம் வளையத்தை வீங்கிய விரல்களால் திருப்ப முடிகிறதா என்றும் பாருங்கள். சில வளையங்கள் மிக இறுக்கமானவை. கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போகலாம்.

பெரிய லென்ஸ் இல்லாட்டி பறவை சின்னனா வருமே?

நானும் அப்படி நம்பித்தான் முதல் ஆண்டில் 2 கிலோ லென்ஸ் ஒன்றை வாங்கினேன். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று விற்றவர் சொன்னார். மூன்றாவது நாள் வலது மணிக்கட்டு வீங்கியது, மூன்று வாரம் தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்க முடியவில்லை. பிறகு அதைப் பாதி விலைக்குக் கொடுத்தேன். உடற்பயிற்சி தசையைப் பழக்கும், அழற்சியுற்ற மூட்டை அப்படிப் பழக்க முடியாது என்பதை அந்த மூன்று வாரத்தில் கற்றேன்.

கொழும்பில் வாழ்வதால் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. நகரத்துப் பறவைகள் மனிதருக்குப் பழகியவை. பேரை வாவியின் கரையில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் சில மீற்றர் தூரத்தில் சிறகு காயவைத்துக்கொண்டிருக்கும். அங்கே 200 மில்லிமீற்றரே போதும். காட்டுப் பறவைக்குத் தேவைப்படும் லென்ஸை நகரத்துப் பறவைக்காக வாங்க வேண்டியதில்லை.

ஒரு கிலோவையே பிடிக்கேலாத கைக்கு என்ன செய்றது?

எடையைக் கையிலிருந்து வேறொன்றுக்கு மாற்ற வேண்டும். முக்காலி நல்லதுதான், ஆனால் அதைச் சுமப்பதும் திருகாணிகளை இறுக்குவதும் விரல்களுக்கு வேதனை. என்னிடம் இருப்பது ஒரு துணிப்பை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து ஒன்றரைக் கிலோ அரிசி நிரப்பியது. மதில், வாகன யன்னல், பலகைப் பாலத்தின் கைப்பிடி, மடி என எதன் மீதும் அதை வைத்துக் கமராவை அதில் பதித்துவிடலாம். வெறும் பையாகக் கொண்டுபோய், போன இடத்தில் கடையொன்றில் அரிசி வாங்கி நிரப்புகிறவரும் ஒருவர் இருக்கிறார்.

கழுத்தில் தொங்கும் பட்டியைத் தவிர்த்து, தோளின் குறுக்கே போகும் அகலமான பட்டியைப் பயன்படுத்துங்கள். பொத்தானை அழுத்துவது வலித்தால், கமராவின் அமைப்பில் எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்பதை மாற்றிக்கொள்ள முடியும். குவியப்படுத்தலைப் பெருவிரலுக்குப் பலர் மாற்றுகிறார்கள். எனக்குப் பெருவிரல்தான் மோசம் என்பதால் நான் சுட்டுவிரலிலேயே விட்டிருக்கிறேன். மடிப்பு நாற்காலி ஒன்றையும் மறக்க வேண்டாம். இருந்தபடி எடுக்கும்போது நீர்ப்பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குகிறோம், படமும் அதனால் அழகாகிறது.

காலமை எழும்பவே ஏலாது. பறவை எல்லாம் விடியத்தானே வரும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது, என்னை மிக நீண்ட காலம் வருத்தியதும் இதுவே. கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் 5.50க்கும் 6.30க்கும் இடையில் உதிக்கிறது. முதல் இரண்டு மணித்தியால வெளிச்சம் மென்மையானது, பறவைகளும் இரை தேடும் நேரம். முடக்குவாதக்காரரின் மூட்டுகள் மிக இறுகியிருப்பதும் அதே நேரத்தில்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கும் காலை இறுக்கம் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. நான் நான்கரைக்கு அலாரம் வைத்து, வெந்நீரில் கைகளை அமிழ்த்தி, வலியோடு போய், பத்து மணிக்கு வீடு திரும்பி, நாள் முழுவதும் படுத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

மாலையை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாலரை முதல் ஆறு வரை கிடைக்கும் ஒளி காலை ஒளிக்குக் குறைந்ததல்ல. கொக்குகளும் நீர்க்காகங்களும் அடையத் திரும்பும் நேரம் அது. கிளிகள் கூட்டமாகப் பறக்கும், மீன்கொத்தி தன் வழக்கமான கிளைக்கு வந்துவிடும். இந்தியாவிலிருந்து குளிர்காலத்தில் இங்கே வலசை வரும் ஆறுமணிக்குருவி, பெயருக்கு ஏற்பக் காலையில் மட்டுமல்ல, மாலை ஆறு மணியை ஒட்டியும் கூவும். ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் வரை மரம் நிறைந்த தோட்டங்களில் அதன் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்கலாம். என் படங்களில் பத்துக்கு எட்டு மாலையில் எடுத்தவை, பார்ப்பவர்கள் அவற்றை விடியல் என்றே நினைக்கிறார்கள்.

நோய்க்கு ஏற்ப நேரம் மாறும். நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் மாத்திரை நன்றாக வேலை செய்யும் மணித்தியாலங்களைக் குறித்துவைத்து அதற்குள் எடுக்கலாம். நீர்போக்கும் குளிசை குடிப்பவர்கள் அதன் வேகம் அடங்கிய பிறகு புறப்படலாம். எவரும் தம் உடல் நேர்மையாக ஒத்துழைக்கும் ஒன்றரை மணித்தியாலத்தை முதலில் கண்டுபிடித்து, அந்த நேரத்தில் எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று பிறகு தேடினால் போதும்.

கொழும்பில கனக்க நடக்காமல் எங்க போகலாம்?

2018இல் உலகிலேயே முதன்முறையாக ஈரநில நகரங்கள் என்று, ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனம் அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. நகருக்குள்ளும் விளிம்பிலும் சதுப்பு நிலங்கள் எஞ்சியிருப்பதே காரணம், அது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும் வரம்.

என் முதல் தேர்வு பத்தரமுல்லைக்கு அருகிலுள்ள தலங்கம குளம். 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. குளக்கரையை ஒட்டியே வீதி போவதால், ஓட்டோவிலோ காரிலோ இருந்தபடி யன்னல் வழியாக எடுக்கலாம். மனிதனைக் கண்டு விலகும் பறவை வாகனத்தைக் கண்டு விலகுவது குறைவு. வாகனம் நமக்கு நாற்காலியும் மறைவிடமும் ஆகிறது. நீலத்தாழைக்கோழி, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, சீழ்க்கைச் சிறகி, செந்நாரை ஆகியவற்றை நான் இறங்காமலே எடுத்திருக்கிறேன். சாரதியிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் படம் மங்கும். காத்திருக்கும் நேரத்துக்கான கட்டணத்தை முன்பே பேசிக்கொள்வதும் நல்லது.

ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் தலவத்துகொடையிலுள்ள தியசரு பூங்காவிலும் சதுப்பின் மேலே பலகைப் பாதைகள் உண்டு. மழைக்குப் பின் பலகை வழுக்கும். கைத்தடி வைத்திருப்பவர்கள் அதன் நுனி இறப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகவும். சக்கர நாற்காலியில் போகிறவர்கள் முன்கூட்டி ஒருவரை அனுப்பிப் பாதையின் அகலத்தையும் கழிப்பறையையும் பார்த்துவரச் செய்வது நல்லது. விகாரமகாதேவிப் பூங்காவின் பெரிய மரங்களில் குக்குறுவானும் கிளியும் இருக்கின்றன, இருக்கைகளுக்கும் குறைவில்லை. பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள தியவன்னாக் கரையில் நீண்ட லென்ஸைத் தூக்குவதற்கு முன் அங்கு கடமையில் இருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டை விட்டே வெளிய போகேலாது. வெள்ளவத்தை தொடர்மாடியில என்ன பறவை இருக்கு?

நினைப்பதைவிட அதிகம். நான்காம் மாடி பல மரங்களின் உச்சிக்குச் சமம். கீழே நிற்பவர் கழுத்தை உயர்த்திப் பறவையின் வயிற்றை எடுக்கும்போது, நீங்கள் அதன் கண்ணை நேராக எடுக்கலாம். செம்பருந்து, குயில், தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, குண்டுக்கரிச்சான் எல்லாம் என் பல்கனியிலிருந்து எடுத்தவை. செம்பரத்தை போலத் தேன் சுரக்கும் பூஞ்செடி ஒன்றைத் தொட்டியில் வைத்தால் தேன்சிட்டு தேடி வரும். கண்ணாடி யன்னல் என்றால், லென்ஸின் வாயைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, அறை விளக்கை அணைத்துவிடுங்கள், பிரதிபலிப்பு போய்விடும்.

தண்ணீர்ச் சட்டி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். தினமும் பழைய நீரைக் கொட்டிவிட்டு, சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்புங்கள். தேய்க்காவிட்டால் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும். தினமும் இதைச் செய்ய முடியாத உடல்நிலை என்றால் சட்டியே வேண்டாம், பூஞ்செடி போதும்.

நோயெதிர்ப்பைக் குறைக்கிற மருந்து எடுக்கிறன். சதுப்புக்குப் போனா காய்ச்சல் வராதா?

ஆபத்து உண்மையானது, அதைச் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகச் சூரியன் உதித்த பின்னும் மறைவதற்கு முன்னும் அதிகம் கடிக்கும். நாம் படமெடுக்கும் நேரமும் அதுவே. நீளக்கை, நீளக்காற்சட்டை, காலுறை, நுளம்பு விரட்டி ஆகிய நான்கும் இல்லாமல் நான் இறங்குவதில்லை. எலிக்காய்ச்சல் கிருமி எலி முதலிய விலங்குகளின் சிறுநீரால் மாசுபட்ட நீரிலும் சேற்றிலும் இருந்து தோலின் சிறு காயம் வழியாக நுழையும். ஆகவே வயல் வரம்பிலும் சேற்றிலும் இறங்காமல் கரையோடு நிற்கவும். நாரைகளும் கொக்குகளும் கூட்டமாக அடையும் மரத்தடியில் எச்சம் காய்ந்து தூசியாகும். ஆஸ்துமா உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அங்கே நிற்க வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்காக டைக்ளோபினக், ஐபுபுரோஃபென் போன்ற குளிசைகளை நம்மில் பலர் கைப்பையிலேயே வைத்திருக்கிறோம். டெங்குக் காய்ச்சலில் அவை இரத்தக்கசிவை மோசமாக்கக்கூடும். காய்ச்சல் தொடங்கினால் பழக்கத்தில் அவற்றை விழுங்காமல், அன்றே வைத்தியரிடம் போய், என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள், சதுப்புக்கு எப்போது போனீர்கள் என்று இரண்டையும் சொல்லுங்கள். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்களும் அன்றே கேட்க வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

எனக்கு சலரோகம். வேற என்ன கவனிக்கோணும்?

சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள், குளுக்கோசு அல்லது இனிப்பைச் சட்டைப் பையில் வையுங்கள். கமராப் பையின் அடியில் இருந்தால் தேவைப்படும்போது கைக்கு வராது. மூடிய சப்பாத்து அணிந்து, வீடு வந்ததும் பாதங்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டாம்.

கை நடுங்குது. படம் எல்லாம் கலங்கித்தானே வரும்?

கமராவிலும் லென்ஸிலும் உள்ள அதிர்வு நிலைப்படுத்தி கையின் நடுக்கத்தை ஓரளவு ஈடுசெய்யும், பறவையின் அசைவை ஈடுசெய்யாது. இரண்டுக்கும் சேர்த்து மருந்து வேகமான ஷட்டர்: ஒரு விநாடியில் 1000இல் ஒரு பங்கு, முடிந்தால் 1600இல் ஒரு பங்கு. அதற்காக ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறனின் அளவு) 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். சொரசொரப்பைப் பின்னர் குறைக்கலாம், கலங்கலைத் திருத்த முடியாது. தொடர்ச்சியாகப் பத்துப் படங்கள் எடுத்தால் ஒன்றாவது தெளிவாக இருக்கும். நடுக்கம் அதிகமானால், முன்னர் சொன்ன அரிசிப் பையில் கமராவை வைத்து, கைத்தொலைபேசிச் செயலியால் ஷட்டரை இயக்குங்கள். மீன்கொத்தி திரும்பத் திரும்ப ஒரே கிளைக்கு வருவதால் இந்த முறைக்கு மிகவும் ஏற்றது.

நெஞ்சில பேஸ்மேக்கர் வைச்சிருக்கு. கமரா பாதிக்குமா?

சாதாரண கமராவால் இடைஞ்சல் வருவது வழக்கமல்ல. காந்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். காந்தமுள்ள கைத்தொலைபேசிகளையும் காந்தப் பூட்டுள்ள பைகளையும் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கச் சொல்வார்கள். பட்டி அந்த இடத்தில் உராயாதபடி மறுதோளில் போடுங்கள். கருவி பொருத்திய புதிதில் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால், வைத்தியர் அனுமதிக்கும்வரை பறக்கும் பறவைகளை விட்டுவிட்டுக் குளத்துப் பறவைகளை எடுங்கள்.

ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் குடிக்கிறன். கண் போயிடும் எண்டு சொல்லினம். பிறகு இதெல்லாம் என்னத்துக்கு?

நானும் முடக்குவாதத்துக்காக அதே மருந்தைக் குடிக்கிறேன், இதே பயத்தோடு பல இரவுகள் இருந்திருக்கிறேன். உடல் எடைக்கேற்ற சரியான அளவில் முதல் ஆண்டுகளில் விழித்திரைப் பாதிப்பு அரிது. ஆனால் ஒருமுறை பாதித்தால் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் ஒன்றும் செய்யப்படுகிறது. சிறுநீரக நோய் இருந்தால் அதற்கு முன்பே தொடங்குவார்கள். நமக்குத் தெரியும் முன்பே மாற்றத்தை ஸ்கான் காட்டிவிடும். பயந்து குளிசையை நிறுத்தியவர்கள் கைகளின் இயக்கத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கமராவின் பார்வைத் துளையில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். துளையின் அருகே சிறிய சக்கரம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். பையில் உரசி அது தானாகத் திரும்பிவிடுவது உண்டு.

சிங்கராஜா போகாமல் பறவைப் படக்காரர் ஆகேலுமா? குழுவோட போனா அவையள் விட்டுட்டுப் போயிடுவினமே?

சிங்கராஜா மழைக்காடு, ஏற்றம், ஈரம், அட்டை எல்லாம் உண்டு. நீல உடலுடைய இலங்கை மக்பைப் பறவையை அங்கே எடுக்க எனக்கும் ஆசை இருக்கிறது, இதுவரை போகவில்லை. மன்னார் தூரம் அதிகம் என்றாலும் நிலம் சமதரை. வடகீழ்ப் பருவ மாதங்களில் பூநாரைகளை வீதியோரத்தில் வாகனத்திலிருந்தே பார்க்கலாம். தூரத்தைவிடத் தரை முக்கியம் என்று நினைத்துத் திட்டமிடுங்கள். மூட்டு இறுகாமலிருக்க ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கவும், இரண்டு நாட்களாகப் பிரித்துச் செல்லவும் வேண்டும்.

குழுக்களில், கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு 1976 முதல் இயங்கும் இலங்கை களப் பறவையியல் குழுவைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள். பொதுவாக எந்தக் குழுவோடு போனாலும் புறப்படும் முன்பே, "நான் முதல் அரை மணித்தியாலம் உங்களோடு வருவேன், பிறகு இந்த இடத்தில் இருப்பேன், திரும்பும்போது அழையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நடந்து போனவர்கள் காணாததை, ஓரிடத்தில் அசையாமல் இருந்தவர் கண்ட நாட்கள் பல உண்டு.

எனக்கு நடக்கேலாதுதானே. செல்போன்ல குரல் போட்டு பறவையைக் கிட்டக் கூப்பிடலாமா?

வேண்டாம். பதிவு செய்த குரலைக் கேட்கும் ஆண் பறவை, தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. ஒரு நாளில் செலவிடச் சிறிதளவு வலுவே இருக்கும்போது அது வீணாவது எப்படி என்று நமக்குத் தெரியும். கூடுகளுக்கும் இதுவே, நாம் நிற்கும் நேரமெல்லாம் தாய் திரும்பாது, காகம் கவனித்துக்கொண்டிருக்கும். பறவையை நெருங்க முடியாதவருக்குப் பறவை தானாக நெருங்கும் வழிகளை முன்பே சொல்லியிருக்கிறேன்: வாகனம், நாற்காலி, பூஞ்செடி, மாலை நேரம்.

ஒரேயடியா ஏலாமப் போற நாளில என்ன செய்வீங்கள்?

சென்ற ஆண்டு நோய் மீண்டும் சீறியபோது ஐந்து வாரம் கமராவைத் தொடவில்லை. முதல் வாரம் அழுதேன். இரண்டாம் வாரத்திலிருந்து கட்டிலருகே ஒரு கொப்பி வைத்து, யன்னலுக்கு வெளியே எந்தக் குரல் எத்தனை மணிக்குக் கேட்கிறது என்று குறிக்கத் தொடங்கினேன். எழுத முடியாத நாட்களில் மகள் எழுதினாள். குயில் 4.40, காகம் 5.15, செண்பகம் ஏழுக்குப் பிறகு என்று பக்கங்கள் நிறைந்தன. குக்குறுவான் ஒன்று எதிர்வீட்டு ஜம்பு மரத்துக்கு மாலை ஐந்தை ஒட்டி நாள் தவறாமல் வருவது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பெரும்பாலும் அந்த நேரத்தில் நான் தலங்கமவில் இருந்திருக்கிறேன்.

வீக்கம் வற்றிய பின் முதன்முதலாகக் கமராவை எடுத்தது அந்த மரத்துக்காகத்தான். நாலே முக்காலுக்கு நாற்காலியை யன்னலோரம் போட்டு, அரிசிப் பையைச் சட்டத்தில் வைத்தேன். ஐந்து மணி கடந்து ஆறு நிமிடத்தில் அது வந்தது.